கசாகி ஷிசுகோ: ஜப்பானின் பூகி-வூகி ராணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசாகி ஷிசுகோ யார்?

போருக்குப் பிந்தைய ஜப்பானில் 'பூகி-வூகி ராணி' என்று கொண்டாடப்பட்ட ஜாஸ், பாப் பாடகி. 1914-இல் பிறந்து 1985-இல் மறைந்தவர். ஜப்பானியர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். கசாகி குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் வருவது, ஷிசுகோ அவர் பெயர். இரண்டும் சேர்ந்து மேடைப் பெயர்தான்.

அந்த ராணிப் பட்டம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, போருக்கு முந்தைய ஜப்பானின் மிகச் சிறந்த ஜாஸ் இசைத்தட்டுகளில் ஒன்றைப் பாடி முடித்திருந்தார். அப்புறம், பட்டம் கையில் இருக்கும்போதே பாட்டை நிறுத்திக்கொண்டார்.

நான் ஜப்பானியப் பாட்டெல்லாம் கேட்பதில்லை. அவரை எங்காவது பார்த்திருக்க வாய்ப்பு உண்டா?

அகிரா குரோசாவாவின் படங்களைத் தேடிப் பார்க்கிறவர் என்றால் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1948-இல் வந்த 'டிரங்கன் ஏஞ்சல்' படத்தில் காசநோய் பிடித்த இளம் ரவுடியாகத் தொஷிரோ மிஃபுனே வருவார். அவர் குடித்துவிட்டு ஆடும் அந்தக் கேபரே காட்சியில், மேடையில் உறுமி, கத்தி, உடம்பை உலுக்கிப் பாடும் பெண்தான் கசாகி. பாட்டின் பெயர் 'ஜங்கிள் பூகி'. வரிகளை எழுதியது குரோசாவாவே.

சில நிமிடக் காட்சிதான். ஆனாலும் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆன டோக்கியோ எப்படி மூச்சுவிட்டது என்பதை, படத்தின் அழுக்குக் குட்டைக்கு அடுத்தபடியாக அந்தக் குரல்தான் காட்டுகிறது என்பேன்.

அவர் எங்கே பிறந்தார், எப்படி மேடைக்கு வந்தார்?

பிறந்தது ஷிகோகு தீவில், ககாவா மாவட்டத்தின் ஹிகெத்தா என்ற கடலோர ஊரில். பெற்ற தாய்க்குத் திருமணம் ஆகவில்லை. அதே சமயம் ஒசாகாவிலிருந்து பிரசவத்துக்காகச் சொந்த ஊருக்கு வந்திருந்த கமேய் குடும்பத்துப் பெண், தன் பிள்ளைக்குக் கொடுத்த பாலை இந்தக் குழந்தைக்கும் கொடுத்தார். கடைசியில் தன்னோடு ஒசாகாவுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தை அந்த வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தது. தான் அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை என்ற விஷயம் ஷிசுகோவுக்குத் தெரியவந்தது பதின்ம வயதின் கடைசியில், ககாவாவுக்குப் போனபோது.

வளர்ப்புப் பெற்றோர் ஒசாகாவில் பொதுக் குளியல் கூடம் நடத்தினார்கள். உடை மாற்றும் இடத்தில் நின்று இந்தச் சிறுமி ஆடுவாள், பாடுவாள். குளிக்க வந்தவர்கள் கைதட்டுவார்கள். அவருடைய முதல் ரசிகர்கள் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒசாகாக்காரர்கள்தான்.

1927-இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற தக்கராசுக்கா குழுவின் தேர்வுக்குப் போனார். உடல்வாகு போதாது, ஆள் சின்னதாக இருக்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு போட்டிக் குழுவான ஷோச்சிக்குவின் ஒசாகா ஆட்டக் குழுவில் சேர்ந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்கி பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே நடனம், பாட்டு, சின்னச் சின்ன வேடங்கள்.

கசாகி என்ற பெயர் எப்படி வந்தது?

முதலில் வைத்த மேடைப் பெயர் மிகாசா ஷிசுகோ. 1935-இல் பேரரசரின் தம்பிக்கு 'மிகாசா' என்ற இளவரசுப் பட்டம் கொடுத்தார்கள். அரச குடும்பத்துப் பெயரை ஆட்டக்காரி ஒருத்தி வைத்துக்கொண்டால் மரியாதைக் குறைவு என்று கசாகி ஆக்கிவிட்டார்கள்.

ஹத்தோரி ரியோய்ச்சியைச் சந்தித்தது எப்போது? அவர் இல்லாமல் கசாகி இருந்திருப்பாரா?

முதல் கேள்விக்குப் பதில் எளிது: 1938. ஷோச்சிக்கு நிறுவனம் டோக்கியோவின் இம்பீரியல் தியேட்டரில் புதிய இசை நாடகக் குழு ஒன்றைத் தொடங்கி, ஒசாகாவிலிருந்து கசாகியை வரவழைத்தது. அங்கே இசையமைப்பாளராக இருந்தவர் ஹத்தோரி. அவரும் ஒசாகாக்காரர், 1907-இல் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் கிழக்கே வந்து சேர்ந்த இமானுவேல் மெட்டர் என்ற உக்ரைன் இசை நடத்துநரிடம் முறையாகப் பாடம் கற்றவர். 1937-இல் அவாயா நொரிகோ பாடிய ஒரு ப்ளூஸ் பாட்டின் மூலம் ஏற்கெனவே பெரிய பெயர் வாங்கியிருந்தார்.

முதல் சந்திப்பை ஹத்தோரி பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். ஒசாகாவின் நட்சத்திரம் வருகிறாள் என்று கவர்ச்சியான ஒரு பெண்ணை எதிர்பார்த்து நிற்கிறார். வந்தது கண்ணோய்க்காரி மாதிரி இமைகளைச் சிமிட்டிக்கொண்டு, கையில் மருந்து பாட்டிலுடன் ஒரு குள்ளமான பெண். ஒசாகா வழக்கில் பணிவாக ஒரு வணக்கம். சரி, ஏமாந்தோம் என்று நினைத்துக்கொண்டாராம். ஆடை ஒத்திகையில் நீளமான பொய் இமைகளை ஒட்டிக்கொண்டு அதே பெண் மேடையில் பாய்ந்ததும், இவளா அவள் என்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இரண்டாம் கேள்விக்கு என் பதில்: கசாகி இருந்திருப்பார், ஆனால் நல்ல ஆட்டக்காரி என்ற அளவில். ஆட்டக் குழுக்களில் பெண்கள் அப்போது பாடியது மெல்லிய, உயர்ந்த, அழகுபடுத்திய குரலில். ஹத்தோரி அதை விடச் சொன்னார். பேசும்போது வருகிற சொந்தக் குரலிலேயே, நெஞ்சிலிருந்து பாடு என்றார். கசாகியின் குரல் கொஞ்சம் கரகரப்பானது, இசைப்பள்ளிக் கணக்கில் 'நல்ல குரல்' ஆகாது. அந்தக் குரலையே மூலதனம் ஆக்கினார் ஹத்தோரி. இதைச் சொல்லும்போது மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஹத்தோரியின் இசைக் கோர்வைகளை வேறு எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். உடம்பு முழுக்கத் தாளமாகப் பாட ஆள் கிடைத்தது கசாகி வந்த அப்புறம்தான். அந்த வகையில் கடன் இரண்டு பக்கமும் உண்டு.

போருக்கு முன் பாடியவற்றில் எதைக் கேட்க வேண்டும்?

'ராப்பா தோ முசுமே'. 1939-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. ஒரு பெண்ணும் ஒரு டிரம்பெட்டும் மோதிக்கொள்வதுதான் பாட்டு. அவர் சொல்லற்ற அசைகளில் ஒன்றை எடுத்து வீசுவார், டிரம்பெட் அதை வாங்கித் திருப்பி வீசும், அவர் விடாமல் இன்னும் மேலே போவார். தாளத்தின் மேலேயே உட்காராமல், இழையளவு முன்னே விழுந்து பிறகு பிடிக்கிறார் பாருங்கள், ஜாஸில் 'ஸ்விங்' என்று சொல்கிற அந்த ஊஞ்சல் அதில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பாடகிகளைக் கேட்டு நகல் எடுத்தவர்கள் ஜப்பானில் அப்போது பலர் இருந்தார்கள். கசாகி நகல் எடுத்தவர் மாதிரி ஒலிக்கவில்லை.

1940-இல் 'சென்டிமென்டல் டைனா', 'ஹாட் சைனா' என்று தொடர்ந்தது. அதோடு கதவு மூடிவிட்டது.

ஏன் மூடியது? போர்க்காலத்தில் என்ன ஆயிற்று?

சீனாவுடன் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவுடனும் வரப்போகிறது என்ற நிலை. 1940 அக்டோபர் முடிவோடு நாட்டின் நடனக் கூடங்கள் மூடப்பட்டன. ஜாஸ் இசைக்குழுக்களின் வயிற்றுப்பாடே அந்தக் கூடங்கள்தான். ஆங்கிலப் பெயர் வைத்திருந்த பாடகர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. டிக் மினே என்ற பெரிய ஜாஸ் பாடகர் மினே கோஇச்சி ஆனார். 1943 ஜனவரியில் அரசின் தகவல் துறை, அமெரிக்க, பிரிட்டிஷ் பாடல்கள் ஏறக்குறைய ஆயிரத்தைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது.

கசாகிக்கு வந்த தொல்லை இன்னும் நேரடியானது. அவர் மேடையில் அங்குமிங்கும் ஆடக்கூடாது, மூன்று ஷாக்கு சதுரத்துக்குள், அதாவது சுமார் 90 செ.மீ. நீள அகலத்துக்குள் நின்றபடிதான் பாட வேண்டும் என்று காவல்துறை சொன்னது. பொய் இமை நீளமாக இருக்கிறது என்றும் கண்டித்தார்கள். ஒரு பாடகியின் எந்த உறுப்பு தேசத்துக்கு ஆபத்து என்று அளவு நாடா வைத்துக் கண்டுபிடித்த அதிகாரிகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் காலும் கையும் அசையாமல் அவர் பாட்டு எழும்பாது என்பதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள்.

1941-இல் சொந்தமாக ஒரு சிறு இசைக்குழு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தொழிற்சாலைகளில் பாடினார். அதே ஆண்டு டிசம்பரில், சேர்ந்து வளர்ந்த தம்பி போர்முனையில் இறந்தார். 1945 மே மாதக் குண்டுவீச்சில் டோக்கியோ வீடு எரிந்தது; அவர் அப்போது வெளியூர் நிகழ்ச்சியில் இருந்ததால் தப்பினார்.

அவருடைய காதல் கதை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அது பாட்டிலிருந்து பிரிக்க முடியாத அளவு பாட்டோடு கலந்துவிட்டதால்தான்.

1943-இல் நகோயாவில் யோஷிமோத்தோ எய்சுகே என்ற மாணவரைச் சந்தித்தார். கசாகியைவிட ஒன்பது வயது இளையவர். அவர் தாய் யோஷிமோத்தோ செய், ஒசாகாவின் சிரிப்பு நாடக, கேளிக்கைத் தொழிலையே கையில் வைத்திருந்த யோஷிமோத்தோ நிறுவனத்தை வளர்த்தெடுத்த பெண்மணி. அந்த நிறுவனம் இன்றும் ஜப்பானின் மிகப் பெரிய நகைச்சுவைக் கலை நிறுவனங்களில் ஒன்று. வாரிசு மகன் ஒரு பாடகியை, அதுவும் வயதில் மூத்தவரை, கல்யாணம் செய்துகொள்வதைத் தாய் ஏற்கவில்லை.

கல்யாணம் நடந்தால் மேடையை விட்டுவிடுவது என்று கசாகி முடிவு செய்திருந்தார். 1947-இன் தொடக்கத்தில், வயிற்றில் பிள்ளையோடு, டோக்கியோவின் நிச்சிகெக்கி அரங்கில் 'ஜாஸ் கார்மென்' நாடகத்தில் கார்மெனாக நடித்தார். இதுதான் கடைசி என்ற எண்ணம். எய்சுகேக்குக் காசநோய், சிகிச்சைக்காக ஒசாகா பக்கம் போயிருந்தார். மே 19-ஆம் தேதி இறந்துபோனார். ஜூன் 1-ஆம் தேதி மகள் பிறந்தாள். இடையே பதின்மூன்று நாள்.

பேத்தியைத் தாங்களே வளர்ப்பதாக யோஷிமோத்தோ குடும்பம் கேட்டது. கசாகி கொடுக்கவில்லை. கணவன் இல்லை, கல்யாணம் பதிவாகவில்லை, கைக்குழந்தை இருக்கிறது, விட்டுவிடலாம் என்று நினைத்த தொழில் மட்டும்தான் மிச்சம். ஹத்தோரியிடம் போனார்: மறுபடி பாட வேண்டும், பாட்டு கொடுங்கள்.

அந்தப் பாட்டுதான் 'டோக்கியோ பூகி-வூகி'. அடுத்த ஆண்டு குரோசாவா படத்தில், காசநோய்க்காரன் ஆடும் காட்சியில் நின்று பாடியதும் இதே பெண்தான். அந்தக் காட்சியை இது தெரிந்தபின் முன்போலப் பார்க்க முடிவதில்லை.

'டோக்கியோ பூகி-வூகி' எப்படி உருவானது?

பூகி-வூகி என்பது அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர்களிடமிருந்து வந்த வகை. இடது கை ஒரே உருப்படியை விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும், ஒரு சுற்றுக்கு எட்டுத் தட்டு. வலது கை அதன் மேல் விளையாடும். ஹத்தோரிக்கு இது போருக்குப் பின் திடீரென்று தெரியவந்த சங்கதி இல்லை. போர் நடக்கும்போதே அமெரிக்கப் பூகி ஒன்றின் இசைக்குறிப்பு அவர் கையில் சிக்கியிருந்தது. 1945-இல் ஷாங்காயில் இருந்தபோது, லி ஷியாங்லான் என்ற பெயரில் பாடிவந்த யமாகுச்சி யோஷிகோவின் கச்சேரியில் அதைக் கொஞ்சம் கலந்தும் பார்த்தார். 'பகைவர் இசை' தடையில் இருந்த அதே நேரத்தில்!

1947-இல் ஒருநாள் இரவு ஒலிப்பதிவு முடிந்து சூஓ தடத்து ரயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கைப்பிடியில் தொங்கியபடி நிற்கும்போது, தண்டவாள இணைப்புகளில் சக்கரம் இடிக்கும் ஓசையும் கைப்பிடிகளின் ஆட்டமும் எட்டுத் தட்டாகக் காதில் விழுந்தன. நிஷி-ஓகிகுபோ நிலையத்தில் குதித்து இறங்கி, பக்கத்தில் இருந்த காப்பிக் கடைக்குள் ஓடி, கிடைத்த காகிதக் கைத்துடைப்பில் மெட்டை எழுதிவிட்டார் என்பது அவரே சொல்லிப் பிரபலமான கதை.

வரிகள் எழுதியவர் சுசுகி மசாரு. ஜென் பௌத்தத்தை மேலை நாடுகளுக்குக் கொண்டுபோன அறிஞர் டி.டி. சுசுகி இருக்கிறாரே, அவருடைய வளர்ப்பு மகன். தந்தை தியானம் பற்றி எழுதிக்கொண்டிருக்க, மகன் எழுதியது மனம் குதித்துத் துள்ளும் பாட்டு.

1947 செப்டம்பரில் ஒலிப்பதிவு. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படையினரின் மன்றம் ஒன்று இருந்தது. சுசுகிக்கு ஆங்கிலம் நன்றாக வரும், அவர்களோடு பழக்கமும் உண்டு. சேதி பரவி, சீருடைச் சிப்பாய்கள் கும்பலாக உள்ளே வந்து நின்றுவிட்டார்கள். நிறுவனத்தார் பதறினாலும் வெளியே போ என்று சொல்ல முடியுமா? ஆக்கிரமிப்புப் படை ஆயிற்றே. பாட்டு தொடங்கியதும் சிப்பாய்கள் உடம்பை ஆட்டத் தொடங்கினார்கள். அந்தச் சூடு கசாகிக்கும் வாத்தியக்காரர்களுக்கும் ஏறியது. பதிவு முடிந்ததும் ஒரே ஆரவாரம். 1948 ஜனவரியில் தட்டு வெளியானது.

அந்தப் பாட்டு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது?

போர் முடிந்ததும் வந்த முதல் பெரிய வெற்றி, 1946-இல் நமிகி மிச்சிகோ பாடிய 'ரிங்கோ நோ உத்தா'. ஆப்பிளைப் பற்றிய இதமான பாட்டு. மருந்து தடவுகிற மாதிரி இருக்கும். கசாகியின் பூகி அந்த வகை இல்லை. பசி, இடிபாடு, கள்ளச் சந்தை நடுவே எழுந்து நில், ஆடு என்று சட்டையைப் பிடித்து உலுக்கியது.

ஹத்தோரி அவருக்குச் சொன்னது, நின்று பாடாதே, உடம்பைக் குலுக்கி வளைந்து வளைந்து ஆடிக்கொண்டே பாடு என்று. மேடையில் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓடினார், காலை உயர்த்தினார், கத்தினார். மேடையில் 90 செ.மீ. சதுரத்துக்குள் அடைக்கப்பட்டிருந்தவர் முழு மேடையையும் திரும்ப எடுத்துக்கொண்டதைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். 'ஹேய் ஹேய் பூகி', 'ஒசாகா பூகி-வூகி', 'ஹோம் ரன் பூகி' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாமே முதல் தரம் என்று சொல்ல மாட்டேன். சில, ஓடுகிற குதிரையில் சரக்கு ஏற்றிய கதைதான்.

அவருடைய ரசிகர்கள் யார்?

இரண்டு பேரைச் சேர்த்துச் சொன்னால் வியப்பாக இருக்கும். ஒரு பக்கம், அவர் ரசிகர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவர், அரசியல் தத்துவ அறிஞர் நம்பாரா ஷிகெரு. அவரும் ககாவாவின் அதே ஊர்க்காரர். கசாகியைப் பெற்ற தந்தையை அறிந்தவர்.

இன்னொரு பக்கம், அரங்கத்தைச் சுற்றியிருந்த யூராக்குச்சோ பகுதியில் உடலை விற்றுப் பிழைத்த பெண்கள். போரில் குடும்பத்தையும் வீட்டையும் இழந்து தெருவுக்கு வந்தவர்கள். ஊர் அவர்களைப் பார்த்து முகம் சுளித்தது. அவர்கள் பூங்கொத்தோடு நிச்சிகெக்கியின் முன்வரிசைகளில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தகப்பன் பெயர் இல்லாத குழந்தையோடு உழைத்துப் பிழைக்கிற பெண்ணாக அவரைப் பார்த்தார்கள். கசாகியும் அவர்களை ஒதுக்கவில்லை, பேசினார், பழகினார். குழந்தையை ஒப்பனை அறைக்குத் தூக்கிவந்து, காட்சிகளுக்கு இடையே பால் கொடுத்துவிட்டு மேடை ஏறியவர் அவர். அந்தப் பெண்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

'கைமோனோ பூகி' என்ன பாட்டு?

என் கணக்கில் அவருடைய உச்சம். 1950-இல் வந்தது. ஒரு பெண் கடைக்குப் போகிறாள்; மீன் பெயர்கள், காய்கறி, சாமான்கள் என்று பட்டியல் மூச்சுவிடாமல் நீள்கிறது. ஒசாகா பக்கத்து ராக்குகோ, அதாவது உட்கார்ந்தபடி ஒருவரே சொல்லும் நகைச்சுவைக் கதை, ஒன்றிலிருந்து கரு எடுத்து, ஹத்தோரியே புனைபெயரில் வரிகளும் எழுதினார். மொத்தமும் ஒசாகா வழக்கு. குறிப்பைப் பார்த்த கசாகி, 'ஐயோ, ஒரே சிக்கலாக இருக்கிறதே' என்று தன் ஊர்ப் பேச்சில் புலம்பினாராம். ஹத்தோரி அந்தப் புலம்பலையும் பாட்டுக்குள் போட்டுவிட்டார்.

அதே ஆண்டு ஒரு திரைப்படத்தில் இந்தப் பாட்டு காட்சியாகவும் வந்தது. ஏப்ரன் கட்டிக்கொண்டு, மரச் செருப்பைத் தரையில் தட்டித் தாளம் போட்டபடி கடை கடையாகப் போகிறார். அமெரிக்காவிலிருந்து வந்த தாளம் இங்கே சந்தைக்குப் போகும் ஒசாகாப் பெண்ணின் நடையாகவே மாறிவிடுகிறது. பாட்டின் கடைசியில் காது கேளாதவரைக் குறிக்க வரும் ஒரு சொல் இன்று இழிசொல்லாகக் கருதப்படுவதால், பின்னாளைய சில வெளியீடுகளில் அந்த இடத்தை வெட்டியிருப்பார்கள். திடீரென்று முடிகிற பிரதி கிடைத்தால் காரணம் அதுதான்.

மிசோரா ஹிபாரியோடு என்ன தகராறு?

ஹிபாரி பிற்பாடு ஜப்பானின் மிகப் பெரிய பாடகி ஆனவர். 1937-இல் பிறந்த அவர், பத்துப் பதினோரு வயதில் கசாகியின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிக் கைதட்டு வாங்கினார். 'பேபி கசாகி' என்றே பெயர். 1948-இல் யோகோஹாமாவில் இருவரும் ஒரே மேடையில் தோன்றியபோது உறவு நன்றாகத்தான் இருந்தது.

1949 ஜனவரியில் நிச்சிகெக்கியில் ஹிபாரி 'ஹேய் ஹேய் பூகி' பாட இருந்தார். அது அப்போது புதிது. அதைப் பாட வேண்டாம், 'டோக்கியோ பூகி-வூகி' பாடிக்கொள்ளட்டும் என்று கசாகி தரப்பிலிருந்து கடைசி நேரத்தில் சொல் வந்தது. ஒத்திகை பார்க்காத பாட்டு. சிறுமி எடுப்பில் தடுமாறிப்போனாள். 1950-இல் இன்னொன்று. கசாகியும் ஹத்தோரியும் அமெரிக்கா புறப்பட இருந்தார்கள். அதற்கு முன்பே ஹிபாரி ஹவாய் போவது தெரிந்தது. தன் பாட்டுகளை அங்கே பாடக்கூடாது என்று ஹத்தோரி காப்புரிமைச் சங்கம் வழியாகத் தடை போட்டார்.

பெரியவர்கள் ஒரு குழந்தையை நசுக்கினார்கள் என்று ஹிபாரி ரசிகர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு அது ஒருபக்கமாகத் தெரிகிறது. தன் பாட்டை இன்னொருவர் தனக்கு முன்னே கொண்டுபோய்ப் பாடினால் தன் சுற்றுப்பயணம் என்ன ஆகும் என்று ஒரு தொழில்காரர் கவலைப்படுவது இயல்பு. அவர் பாட்டை நம்பி வீட்டில் ஒரு பிள்ளை இருந்தது. அதேசமயம் மேடை ஏறும் நேரத்தில் பாட்டை மாற்றச் சொன்னது பெருந்தன்மை இல்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கப் பயணம் எப்படி இருந்தது?

1950 ஜூனில் கிளம்பி, ஹவாயிலும் அமெரிக்க மேற்குக் கரையிலும் என்று நான்கு மாதம். கேட்டவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிய ஜப்பானிய வம்சாவளியினர். போரின்போது மேற்குக் கரையில் அவர்களை முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் முன்னால், அமெரிக்கத் தாளத்தில், ஒசாகாப் பேச்சில் பாடினார்.

ஏன் பாடுவதை நிறுத்தினார்?

குரல் போய்விட்டது, வாய்ப்பு போய்விட்டது என்றெல்லாம் யூகிப்பார்கள். 1950-களின் நடுவில் பூகி மோகம் தணிந்தது உண்மை. ஜாஸ் பக்கம் எரி சியெமி, யுகிமுரா இசுமி என்று பதின்ம வயதுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஹிபாரியோடு சேர்த்து மூவரும் கொடிகட்டிப் பறந்தார்கள். ஆனாலும் 1956 டிசம்பர் 31 அன்று, நாடே கேட்கும் கோஹாகு உத்தகாசென் ஆண்டிறுதி நிகழ்ச்சியில் பெண் பாடகிகளின் அணியான சிவப்பணியின் கடைசிப் பாடகியாக, மரியாதைக்குரிய இடத்தில் நின்று 'ஹேய் ஹேய் பூகி' பாடியவர் அவர்தான். யாரும் தள்ளிவிடவில்லை. அதன்பின் பாடகி வாழ்க்கையை முடித்துக்கொண்டார். வயது 42.

அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: உடம்பு பருக்கத் தொடங்கிவிட்டது, முன்போல ஆட முடியவில்லை, தன் பொற்காலத்தைத் தன் கையாலேயே கறைப்படுத்த விரும்பவில்லை. கொஞ்சம் ஆட்டத்தைக் குறைத்து, நின்றபடி பாடியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். எத்தனையோ பேர் அப்படித்தான் இன்னும் இருபது ஆண்டு ஓட்டினார்கள். ஆனால் அவருக்குப் பாட்டு வேறு ஆட்டம் வேறு என்று இருந்ததே இல்லை. போர்க்காலக் காவல்துறை அவரை நிற்க வைத்துப் பாடச் சொன்னபோது அது பாட்டாக இல்லை; வயது வந்து அதையே சொன்னபோதும் அவர் ஏற்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இந்த முடிவில் ஒரு தொழிலாளியின் கணக்கு தெரிகிறது. முழுச் சரக்கு கொடுக்க முடியாதபோது கடையைத் திறந்து வைக்கக்கூடாது என்ற கணக்கு.

ஹத்தோரிக்கு இதில் வருத்தம். ஆனால் கசாகியின் மனம் மாறவில்லை. பிறகு வாழ்ந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் பழைய வெற்றிப் பாட்டுகளை மேடையில் பாடவே இல்லை. 1960-களின் கடைசியில் பழைய பாட்டு மோகம் வந்து, தொலைக்காட்சியில் பழைய பாடகர்கள் எல்லாம் திரும்பி வந்தபோதும் அவர் வரவில்லை.

அப்புறம் என்ன செய்தார்?

நடிகை ஆனார். நடிப்பில் நான் புதியவள், பாடகியாக வாங்கிய சம்பளம் வேண்டாம், குறைத்துக் கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் அவரே போய்ச் சொன்னார். திரைப்படம், தொலைக்காட்சி நாடகங்களில் ஒசாகா அம்மா, பக்கத்து வீட்டு அத்தை மாதிரி வேடங்கள். 1967 முதல் குடும்பங்கள் கூடிப் பாடும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் நடுவராக இருந்தார். 1970-களில் பாத்திரம் தேய்க்கும் கிளீனர் விளம்பரத்தில் வந்து, ஒசாகா வழக்கில் பெயரைச் சொல்லிக் கூவியது வீடுவீடாகத் தெரிந்தது. அந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்கு அவர் கிளீனர் அத்தை. பாடகி என்பதே தெரியாது.

1985 மார்ச் 30-ஆம் தேதி, சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். வயது 70. ஹத்தோரி 1993 ஜனவரியில் மறைந்தார். அவருக்கு மக்கள் கௌரவ விருது இறந்தபின் தரப்பட்டது.

அவர் ஜாஸ் பாடகியா, பாப் பாடகியா?

பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் இது சிக்கல். 1939-40 தட்டுகள் ஜாஸ், சந்தேகமே இல்லை. பூகிகள், ஜாஸ் வாத்தியக்காரர்கள் வாசிக்க, ஊரே முணுமுணுத்த பாப். தூய ஜாஸ் ரசிகர்கள் இரண்டாவதைக் குறைவாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'கைமோனோ பூகி'யில் சொற்களை அவர் தட்டுக்கு முன்னும் பின்னும் தள்ளிப் போடுகிற விதம் பல 'தூய' தட்டுகளில் கிடைக்காது.

சமீபத்தில் அவரைப் பற்றி ஒரு தொடர் வந்ததாமே?

ஆமாம். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் காலை நேரத் தொடர் வரிசையில் 'பூகி-வூகி', 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை ஒளிபரப்பானது. நடிகை ஷுரி நாயகி. பெயர்களை மாற்றி, நிகழ்ச்சிகளைத் தேவைக்கு வளைத்த கற்பனைக் கதை; வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹத்தோரியை ஒத்த பாத்திரத்தில் குசனாகி சுயோஷி. இசை, ஹத்தோரியின் பேரன் ஹத்தோரி தகாயுகி. மேடைக் காட்சிகளை முழுப் பாட்டாகவே எடுத்திருப்பது பெரிய பலம். பாதிப் பாட்டோடு வெட்டி வசனத்துக்குப் போகாமல் விட்டதற்காகவே நன்றி சொல்லலாம்.

எந்த வரிசையில் கேட்கலாம்?

முதலில் 'டோக்கியோ பூகி-வூகி' கேட்க வேண்டாம். கொஞ்சம் பழகிய மெட்டு மாதிரி தோன்றி, இதற்கா இவ்வளவு என்று நினைத்துவிடுவீர்கள். 'ராப்பா தோ முசுமே'யில் தொடங்குங்கள். அடுத்து 'ஜங்கிள் பூகி' காட்சியைப் படத்தோடு பாருங்கள், தனியாகக் கேட்டால் பாதி போய்விடும். பிறகு 'கைமோனோ பூகி', மரச் செருப்புக் காட்சி கிடைத்தால் அதுவே நல்லது. அதற்கு அப்புறம் 'டோக்கியோ பூகி-வூகி'க்கு வாருங்கள். 78 சுழற்சித் தட்டு என்பதால் எல்லாமே மூன்று நிமிடச் சொச்சம்தான். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் பின்னணியில் பாஸ் கிடார் மாதிரி கேட்பது உண்மையில் நின்று வாசிக்கும் டபுள் பாஸ் என்பதும், பித்தளை வாத்தியங்கள் அவர் மூச்செடுக்கிற இடைவெளியில் மட்டுமே பாய்வதும் தெளிவாகப் பிடிபடும்.